பாலைக் கரையிலிருந்து புறப்பட்ட எரு

விண்வெளியிலிருந்து எடுத்த தென் அமெரிக்கப் படத்தைப் பார்த்தால், அதன் மேற்கு ஓரத்தில் நீண்ட பழுப்புக் கோடு ஒன்று கண்ணில் படும். பெரு நாட்டின் வடக்கே செச்சூராவில் தொடங்கி, சிலியின் அட்டகாமா வரை இறங்கும் கடலோரப் பாலை அது. அதற்குக் கிழக்கே ஆண்டிஸ் மலைத்தொடர். மலைக்கு அப்பால் அமேசான் காட்டின் அடர்பச்சை. மேற்கே பசிபிக் பெருங்கடல். குளிர்மாதங்களில் அந்தக் கடலின் மேல் வெண்மேகம் பரந்து கிடக்கும். கரையைத் தொட்டு, மலையடிவாரத்தோடு நின்றுவிடும். மலையிலிருந்து இறங்கும் ஆறுகளின் ஓரத்தில் மட்டும் பழுப்பைக் குறுக்கே வெட்டும் மெல்லிய பச்சைக் கீற்றுகள் தெரியும். சுமார் ஒரு கோடிப் பேர் வாழும் லிமா நகரம் இந்தக் கரையில்தான் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை இரண்டு சென்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை.

கடல்நீரில் எவ்வளவு நுண்பாசி இருக்கிறது என்று காட்டும் செயற்கைக்கோள் படத்தை எடுத்துக்கொண்டால், காட்சி தலைகீழாகிவிடும். வறண்ட அந்தக் கரையை ஒட்டிய கடல்தான் உலகின் மிக வளமான கடற்பகுதிகளில் ஒன்று. ஒன்றுமே முளைக்காத நிலமும் ஓயாமல் விளையும் கடலும் ஒட்டிப் பிறந்திருக்கின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அந்தக் காரணம் பெற்றெடுத்த ஒரு பொருள், நம் ஊர் உரக்கடையில் அடுக்கிவைத்திருக்கும் மூட்டைகளுக்கு மூதாதை. குவானோ என்று உலகம் அழைக்கும் கடற்பறவை எச்சம்தான் அது.

முதலில் அந்தக் காரணத்தைப் பார்த்துவிடுவோம். தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாகவே காற்று வீசுகிறது. பூமியின் சுழற்சி, அந்தக் காற்று தள்ளும் மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கி மேற்கே கொண்டுபோகிறது. விலகிய இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. இறந்த உயிர்களின் சத்தெல்லாம் கரைந்திருக்கும் நீர் அது. வெயில் பட்டதும் நுண்பாசி பெருகுகிறது. அதைத் தின்று நெத்திலிக் கூட்டம் பெருகுகிறது. நெத்திலியைத் தின்ன நீர்க்காகங்களும் பூபிகளும் கூழைக்கடாக்களும் லட்சக்கணக்கில் வந்து சேர்கின்றன. அதே குளிர்நீர் தன் மேலுள்ள காற்றையும் குளிர வைக்கிறது. கீழே குளிர்காற்று, மேலே வெப்பக்காற்று என்றாகிவிட்டால் காற்று மேலெழாது. மேகம் திரளும், மூடுபனி இறங்கும், மழை மட்டும் பெய்யாது. அமேசான் பக்கத்திலிருந்து வரும் ஈரத்தை ஆண்டிஸ் தடுத்துவிடுகிறது.

வயலில் ஆட்டுக்கிடை போடுவதை நாம் அறிவோம். பகலெல்லாம் மேய்ந்த ஆடுகள் இரவில் ஓரிடத்தில் அடைந்து நிலத்துக்கு எரு தரும். பெரு கடலோரத் தீவுகளில் பறவைகள் பல ஆயிரம் ஆண்டுகளாக அப்படிக் கிடை போட்டுவந்தன. வேறெங்காவது இது நடந்திருந்தால் மழை அந்த எச்சத்தைக் கழுவிக் கடலிலேயே விட்டிருக்கும். மழையில்லாத இந்தக் கரையில் அது காய்ந்து, இறுகி, அடுக்கடுக்காக உயர்ந்தது. பிஸ்கோ துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் சின்ச்சா தீவுகள் மூன்றும் சின்னஞ்சிறியவை. அவற்றில் சில இடங்களில் எச்சத்தின் உயரம் 40 மீட்டரைத் தாண்டியது. நம் தொழு உரத்தில் தழைச்சத்து ஒரு விழுக்காடுகூடத் தேறாது. இந்தக் குவானோவில் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. மணிச்சத்தும் அதோடு சேர்ந்தே வந்தது.

இதன் அருமையை முதலில் அறிந்தவர்கள் அந்தக் கரையின் உழவர்களே. இன்காக்களுக்கு முன்பே அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பிற்காலத்தில் குவானோவை வெட்டியவர்கள், ஆழத்தில் புதைந்திருந்த பழங்கால மரச் சிற்பங்களைக் கண்டெடுத்தார்கள். இன்கா அரசு இந்தப் பழக்கத்தைச் சட்டமாக்கியது. இன்கா தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்த கார்சிலாசோ தே லா வேகா 1609-ல் வெளியிட்ட நூலில் அந்தச் சட்டத்தை விவரிக்கிறார். ஒவ்வொரு தீவும் இன்ன மாகாணத்துக்கு என்று பிரித்துக் கொடுக்கப்பட்டது. பறவைகள் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் தீவில் கால் வைக்கக்கூடாது. எந்தப் பருவத்திலும் பறவையைக் கொல்லக்கூடாது. மீறினால் மரண தண்டனை. பொன்னும் வெள்ளியும் குவிந்திருந்த பேரரசு, நீர்க்காகத்தின் உயிருக்கு மனித உயிரை ஈடாக வைத்தது. மலைச்சரிவின் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் அந்தப் பறவையை நம்பியிருந்தன என்பதை அது உணர்ந்திருந்தது.

ஸ்பானியர்கள் வந்தபோது அவர்கள் கண்ணுக்கு வெள்ளி மட்டுமே தெரிந்தது. பொத்தோசி மலையின் வெள்ளி கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போனது. எச்ச மலைகளை இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேலாக எந்த ஐரோப்பிய வணிகரும் சீண்டவில்லை. உள்ளூர் உழவர்கள் மட்டும் படகில் போய் வேண்டிய அளவு அள்ளி வந்தார்கள்.

1802-ன் இறுதியில் ஜெர்மானிய ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் லிமாவின் துறைமுகமான கயாவோவுக்கு வந்தார். வெப்பமண்டலக் கடல் இத்தனை குளிர்ந்திருப்பது எப்படி என்று வியந்து அதன் வெப்பநிலையை அளந்தார். அந்தக் குளிர் நீரோட்டம் பின்னாளில் அவர் பெயரையே பெற்றது. துறைமுகத்தில் அவரைக் கவர்ந்த இன்னொன்று, காரமான அமோனியா நெடியோடு வந்த மஞ்சள் நிறச் சரக்கு. அதில் கொஞ்சம் எடுத்துச் சென்று பாரிஸில் ஃபூர்குருவா, வோக்கலின் என்ற வேதியியலாளர்களிடம் கொடுத்தார். அவர்கள் ஆராய்ந்து, சத்து நிறைந்த பொருள் என்று எழுதினார்கள். குளிர்ந்த நீரும் நெடியடித்த சரக்கும் ஒரே கதையின் இரு முனைகள் என்பது முழுதாக விளங்க இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

ஆய்வுக் குறிப்பு உழவரைச் சென்றடைய ஒரு தலைமுறை பிடித்தது. பயிர் மண்ணிலிருந்து எந்தெந்தச் சத்தை எடுக்கிறது என்று விளக்கி யுஸ்டஸ் லீபிக் 1840-ல் ஒரு நூல் எழுதினார். அதே காலத்தில் லிமா வணிகர் பிரான்சிஸ்கோ கிரோஸ் குவானோ ஏற்றுமதிக்குப் பெரு அரசிடம் உரிமம் பெற்றார். லிவர்பூலுக்குப் போன முதல் சரக்குகள் வயலில் செய்த வேலையைக் கண்டு இங்கிலாந்தின் உழவர்கள் மலைத்துப்போனார்கள். பெரு அரசும் விழித்துக்கொண்டது: தீவுகள் தேசத்தின் சொத்து, விற்கும் உரிமை மட்டும் வணிகருக்கு. அந்த உரிமையில் பெரும்பங்கைப் பெற்ற லண்டனின் ஆன்டனி கிப்ஸ் நிறுவனம் செல்வத்தில் திளைத்தது. பிரிஸ்டலுக்கு அருகே வில்லியம் கிப்ஸ் கட்டிய டின்ட்ஸ்ஃபீல்டு மாளிகை இன்றும் நிற்கிறது. அதன் ஒவ்வொரு கல்லுக்கும் பசிபிக் நீர்க்காகம் ஒன்று பணம் கொடுத்திருக்கிறது.

அந்தச் செல்வத்தை வெட்டி எடுத்த கைகளை மறந்துவிடக் கூடாது. 1854-ல் பெரு அதிபர் ரமோன் காஸ்தியா அடிமை முறையை ஒழித்தார். அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு கொடுத்தது குவானோ வருமானம். ஆனால் தீவுகளில் வேலை செய்ய அதற்கு முன்பே வேறு ஆட்களைப் பிடித்து வரத் தொடங்கியிருந்தார்கள். 1849 முதல் 1874 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் சீனர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பெருவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பலர் ஏமாற்றியோ கடத்தியோ கப்பலேற்றப்பட்டவர்கள். தீவுக்கு அனுப்பப்பட்டவர்களின் நிலை மிகக் கொடியது. நிழலில்லாத பாறை, மூச்சைத் திணறடிக்கும் தூசி, கண்ணை எரிக்கும் அமோனியா, சவுக்கடி. நன்னீர்கூடக் கரையிலிருந்து வர வேண்டும். குன்றின் விளிம்பிலிருந்து கடலில் குதித்து உயிர்விட்டவர்களைப் பற்றி அன்றைய மாலுமிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆங்கிலேய வயலில் செழித்த டர்னிப் கிழங்கின் விலையில் இந்த உயிர்களின் கணக்கு சேரவே இல்லை.

பெரு விலையை உயர்த்தியதும், மற்றவர்கள் வேறு தீவைத் தேடினார்கள். இங்கே ஒரு பழைய பயண நூல் கைகொடுத்தது. அமெரிக்கக் கப்பல் தலைவர் பெஞ்சமின் மோரல் 1832-ல் வெளியிட்ட நூலில், ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் இச்சபோ என்ற சிறு தீவு பறவை எச்சத்தால் மூடியிருப்பதாக ஒரு வரி இருந்தது. பத்தாண்டு கழித்து அந்த வரியைப் பிரிட்டிஷ் வணிகர்கள் கண்டெடுத்தார்கள். 1843-ல் முதல் சரக்கு பிரிட்டன் வந்தது. யாருக்கும் சொந்தமில்லாத தீவு, வரியில்லை, விலையில்லை. 1845-ன் தொடக்கத்தில் 400-க்கும் மேற்பட்ட கப்பல்கள் அதைச் சூழ்ந்து நின்றன. ஆயிரக்கணக்கான மாலுமிகள் இடத்துக்காக அடித்துக்கொண்டார்கள். ஒழுங்கு காக்கப் போர்க்கப்பல் வர வேண்டியிருந்தது. சில மாதங்களில் பாறை தெரிந்துவிட்டது. பல மீட்டர் உயரம் குவிந்திருந்த எச்சத்தை முழுதாகச் சுரண்டி எடுக்க இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

இச்சபோவில் குவானோ இருந்தது தற்செயல் அல்ல. அந்தத் தீவுக்கு எதிரே இருப்பது நமீப் பாலைவனம். அங்கேயும் கரையோரமாகத் தெற்கிலிருந்து காற்று, அங்கேயும் பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டம், அங்கேயும் மழைக்குப் பதில் மூடுபனி. விண்வெளியிலிருந்து பார்த்தால் செம்மணல் மேடுகள் கடல்வரை வந்து, வெண்பனிப் போர்வைக்குள் நுழைவது தெரியும். குய்செப் ஆற்றின் வறண்ட படுகைக்கு வடக்கே மணல்மேடுகள் சட்டென்று நின்றுபோகும். ஆறு என்றைக்கோ ஒருமுறை வெள்ளமாக ஓடி, குறுக்கே வந்த மணலைக் கழுவிவிடுவதால் வந்த எல்லை அது. இரு கண்டங்களில், ஒரே வானிலை ஒரே பொருளைச் செய்துவைத்திருந்தது. கப்பல் தலைவர்கள் வானிலையியல் படித்ததில்லை. ஆனால் எச்சத்தின் நெடியைப் பின்தொடர்ந்தே உலகின் கடலோரப் பாலைகளை இணைத்துவிட்டார்கள்.

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போனது. 1850-ல் அதிபர் மில்லார்டு ஃபில்மோர் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தியில் குவானோவின் விலை பற்றிப் பேசினார். 1856-ல் குவானோ தீவுகள் சட்டம் நிறைவேறியது. வேறு நாட்டின் ஆளுகையில் இல்லாத, ஆளில்லாத குவானோ தீவை எந்த அமெரிக்கக் குடிமகன் கண்டாலும் தன் நாட்டுக்கு உரிமை கோரலாம். இன்றைய ஐம்பது மாநிலங்களுக்கு வெளியே அமெரிக்கா நிலம் சேர்க்கத் தொடங்கியது இப்படித்தான். பசிபிக்கின் பேக்கர், ஹவ்லண்ட், ஜார்விஸ் தீவுகள் இன்றும் அதனிடமே இருக்கின்றன. ஆனால் அங்கே கிடைத்த எச்சத்தில் மணிச்சத்து மட்டுமே மிஞ்சியிருந்தது. தழைச்சத்தை மழை கரைத்துக் கொண்டுபோயிருந்தது. பறவையும் தீவும் இருந்து வறட்சி இல்லாமல்போனால், சரக்கின் பாதிப் பெறுமதி போய்விடும் என்று உழவர்கள் அறிந்துகொண்டார்கள்.

போலிகள் பெருகாத சரக்கு உண்டா? மணல், செங்கல்தூள், ஜிப்சம் எல்லாம் கலந்த குவானோ சந்தைக்கு வந்தது. உழவர் சங்கங்கள் வேதியியலாளர்களை அமர்த்தி மூட்டைகளைச் சோதிக்க வேண்டியதாயிற்று. உரத்தில் கலப்படம் பார்க்கும் ஆய்வுக்கூடம் வளர்ந்ததில் இந்த ஏமாற்றுக்கும் பங்குண்டு. நேர்மையான நகலும் வந்தது. ஜான் பென்னெட் லாஸ் என்ற ஆங்கிலேயர் எலும்பையும் பாஸ்பேட் பாறையையும் கந்தக அமிலத்தில் கரைத்து, சூப்பர் பாஸ்பேட் செய்து 1842-ல் காப்புரிமை பெற்றார். குவானோ தயார்செய்து வைத்திருந்த சந்தைக்குள் அது எளிதாக நுழைந்தது. பைகளில் உரம் வாங்கும் பழக்கத்தை உழவருக்கு ஏற்படுத்தியது பறவை; அதை நிரந்தரமாக்கியது தொழிற்சாலை. அதே சூப்பர் பாஸ்பேட்டைச் செய்ய 1906-ல் இந்தியாவின் முதல் உரத் தொழிற்சாலையைப் பாரி நிறுவனம் ராணிப்பேட்டையில் தொடங்கியது.

பெருவில் பணம் வெள்ளமாக வந்தது. 1840-க்கும் 1880-க்கும் இடையே ஒரு கோடி டன்னுக்கு மேல் குவானோ கடல் கடந்தது. அரசின் வருமானத்தில் பெரும்பகுதி அதுவே. 1864-ல் ஸ்பானியக் கடற்படை சின்ச்சா தீவுகளைக் கைப்பற்றியது. 1866-ல் கயாவோ போருக்குப் பின்தான் அந்தக் கடற்படை பெருவின் கரையை விட்டு விலகியது. எச்சத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்கி ஆண்டிஸ் மலையில் ரயில் பாதை போட்டார்கள். மேடுகள் கரைந்தன, 1876-ல் பெருவால் கடனைத் திருப்ப முடியவில்லை.

அதே நேரத்தில் கடலும் மாறியது. பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதியில் கிழக்கிலிருந்து வீசும் காற்று தளர்ந்தால், குளிர்ந்த ஆழநீர் கரையோரம் மேலெழுவது குறைந்துவிடும். வெதுவெதுப்பான நீர் கிழக்கே பரவும். நெத்திலி ஆழத்துக்கோ தெற்குக்கோ போய்விடும். பறவைகள் பட்டினியில் சாகும். பாலையில் மழை கொட்டும். கிறிஸ்துமஸ் காலத்தில் தலைகாட்டுவதால் வடபெரு மீனவர்கள் இந்த வெந்நீரோட்டத்துக்குக் குழந்தை இயேசுவின் பெயரை வைத்திருந்தார்கள்: எல் நினோ. 1877-ல் வந்தது மிகக் கடுமையான ஒன்று. பசிபிக்கின் மறுபுறம் பருவமழை பொய்த்து, சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்தாடியது. லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பஞ்சக்காலத்தில் தானியத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த ஆட்சியின் குற்றம் அதில் பெரிது. ஆனால் மழை பொய்த்ததற்கான நூல் பெருவின் கடலோடு கட்டப்பட்டிருந்தது. இந்திய வானிலைத் துறையின் தலைவராக 1904-ல் வந்த கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழிதேடினார். பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்குவதை அவர் கண்டார். அதையும் எல் நினோவையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் காட்டியவர் யாக்கோப் பியர்க்னஸ், ஆண்டு 1969.

எச்சம் தீர்ந்த நாடுகள் பாலையின் உள்ளே திரும்பின. அட்டகாமாவின் மண்ணில் தழைச்சத்து நிறைந்த வெடியுப்பு கிடந்தது. மழையில்லாததால்தான் அந்த உப்பும் கரையாமல் தங்கியிருந்தது. அதன்மேல் பொலிவியா 1878-ல் போட்ட பத்து சென்ட் வரி, அடுத்த ஆண்டே ஒருபுறம் சிலி, மறுபுறம் பொலிவியாவும் பெருவுமாகப் போரானது. சிலி வென்றது. பெரு தன் தராபகா மாகாணத்தை இழந்தது. பொலிவியா கடற்கரையையே இழந்தது, இன்றும் கடலில்லா நாடாகவே இருக்கிறது. அந்த வெடியுப்பு உலக வயல்களுக்கும் வெடிமருந்துச் சாலைகளுக்கும் போனது. இன்று ஹம்பர்ஸ்டோனில் துருப்பிடித்து நிற்கும் வெடியுப்பு ஊர், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

1909-ம் ஆண்டு இந்தக் கதையில் இருமுறை வருகிறது. அந்த ஆண்டில் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அமோனியாவாக்கிக் காட்டினார். 1913-ல் ஓப்பாவ் நகரில் அதற்குத் தொழிற்சாலையே எழுந்தது. நாம் இன்று வாங்கும் யூரியா அந்த வழியில் வந்தது. உலகில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உணவு அதை நம்பியிருக்கிறது. அதே 1909-ல் பெரு அரசு, மிஞ்சிய பறவைகளைக் காக்க ஒரு குவானோ நிர்வாக நிறுவனத்தை அமைத்தது. தீவுகளுக்குக் காவலர் வந்தார்கள். சுழற்சி முறையில் மட்டுமே அறுவடை. பறவைகள் அடையும் காலத்தில் தடை. இன்காக்களின் சட்டம் நானூறு ஆண்டு கழித்து வேறு உடையில் திரும்பியது. அது பலித்தது. 1950-களின் நடுவில் பறவைகள் 2 கோடிக்கும் அதிகமாகப் பெருகியிருந்தன. நமீபியக் கரையில் இன்னொரு நகலும் பிறந்தது. அடோல்ஃப் விண்டர் என்ற தச்சர் 1930-களில் வால்விஸ் விரிகுடாவுக்கு அருகே கடலில் மரத் தளம் ஒன்றைக் கட்டிப் பறவைகளுக்குச் செயற்கைத் தீவு கொடுத்தார். பறவைகள் அதை ஏற்றுக்கொண்டன.

பிறகு மனிதன் இடைத்தரகரை நீக்கினான். பறவை தின்று எச்சமாக்கும் வரை காத்திருப்பதற்குப் பதில், நெத்திலியையே அள்ளி அரைத்து மீன்தூளாக்கி, அமெரிக்க, ஐரோப்பியக் கோழிப்பண்ணைகளுக்கும் பன்றிப்பண்ணைகளுக்கும் அனுப்பினார்கள். 1970-ல் பெருவின் நெத்திலிப் பிடிப்பு ஒரு கோடி டன்னைத் தாண்டி உலகின் மிகப் பெரிய மீன்பிடிப்பானது. 1972-ல் எல் நினோ வந்தபோது, ஏற்கெனவே வாரிச் சுரண்டப்பட்ட நெத்திலி ஒரேயடியாக வீழ்ந்தது. பறவைகளும் வீழ்ந்தன, பழைய எண்ணிக்கை இன்றுவரை திரும்பவில்லை.

இந்த இயந்திரம் முழுவதையும் ஒரே பார்வையில் காணும் வாய்ப்பு வந்தது அதன் பிறகே. 1978-ல் ஏவிய நிம்பஸ்-7 செயற்கைக்கோள் கடலின் நிறத்திலிருந்து நுண்பாசியை அளந்தது. 1992-ல் ஏவிய டோபெக்ஸ்-போசைடன் கடல்மட்டத்தின் உயரத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்தது. 1997-ல் வெப்பநீர் பசிபிக்கைக் கடந்து பெருவை நோக்கி வருவதை, கரையைத் தொடும் முன்பே உலகம் படத்தில் பார்த்தது. எச்சமே இப்போது செய்தி சொல்கிறது: அண்டார்டிகாவின் டேஞ்சர் தீவுகளில் வெண்பனிக்கிடையே தெரிந்த எச்சக் கறையை லாண்ட்சாட் படங்களில் கண்ட ஆய்வாளர்கள், அங்கே போய் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட அடெலி பெங்குவின்களை எண்ணி 2018-ல் அறிவித்தார்கள்.

பெருவின் தீவுகளில் இன்றும் குவானோ வெட்டுகிறார்கள். மண்வெட்டியும் மூட்டையுமாக, தீவுக்குத் தீவு முறை வைத்து. 2009 முதல் அந்தத் தீவுகளும் முனைகளும் தேசியக் காப்பகம். நெத்திலி பிடிப்பதற்கு, செயற்கைக்கோளும் ஆய்வுக்கப்பலும் தரும் அளவுகளைப் பார்த்து அளவு நிர்ணயிக்கிறார்கள். 2023-ல் கடல் வெதுவெதுப்பானது. வலையில் குஞ்சு மீன்களே அதிகம் சிக்கின. கோடிக்கணக்கான டாலர் ஏற்றுமதி நின்றுபோகும் என்று தெரிந்தும், வடக்கு, மத்தியக் கடற்பகுதிகளில் அந்த ஆண்டின் முதல் நெத்திலிப் பருவத்தை அரசு ரத்து செய்தது.

இந்தக் கதையில் பாராட்டத் தக்க முடிவுகள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. சின்ச்சாவை வெட்டிச் சாய்த்தவர்களும் இச்சபோவைச் சுரண்டியவர்களும் எச்ச மேட்டைச் செல்வம் என்று எண்ணினார்கள். உண்மையான செல்வம் அந்த மேட்டை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய குளிர்ந்த கடலும் வறண்ட கரையும்தான். இன்கா அரசு அதைச் செயற்கைக்கோள் இல்லாமலே கண்டுகொண்டது. நம்மிடம் செயற்கைக்கோளும் இருக்கிறது. கடல் மெலியும்போது கையை மடக்கிக்கொள்ளாமல் இருக்க, அறியாமை என்ற சாக்கு இனி நமக்கு இல்லை.